திருவண்ணாமலையில் ஆள் அடையாளமும் ஆள்மாறாட்டமும்

அண்ணாமலையார் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை கொடுக்கல் வாங்கல் பத்திரங்கள். சோழர், காடவர், பாண்டியர், போசளர், விசயநகரர் எனப் பல ஆட்சிகளில் வெட்டப்பட்ட இவற்றின் பாடங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-இல் தொகுத்து வெளியிட்டது. யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யார் ஏற்றுக்கொண்டார், தவறினால் யாரைப் பிடிப்பது ஆகியவற்றைப் பதிவு செய்வதுதான் ஒரு கொடைக் கல்வெட்டின் வேலை. புண்ணியம் பற்றிய பேச்சு அதன் முன்னும் பின்னும் வரும். நடுவில் இருப்பது ஆள் அடையாளம்.

வெறும் பெயர் அன்றைக்கும் போதவில்லை. ஊரையே ‘பெண்ணை வடகரை வாணகோப்பாடி அண்ணாநாட்டுத் திருவண்ணாமலை’ என்று நீட்டித்தான் எழுதினார்கள். ஆளுக்கும் அதே முறைதான். தந்தை பெயர், குடியிருக்கும் ஊர், அந்த ஊர் அடங்கிய நாடு, தொழில், அரசர் கொடுத்த பட்டம் என அடுக்கி, ஒரே பெயருள்ள இருவர் குழம்பாதபடி செய்தார்கள்.

கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கான கொடைகளில் இது நன்றாகத் தெரியும். ஒரு விளக்குக்கு 96 ஆடு அல்லது 32 பசு என்பது தமிழகம் முழுவதும் பரவலாக இருந்த கணக்கு. ஆடுகளை ஏற்றுக்கொள்ளும் இடையரான மன்றாடி நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தையில் எத்தனை செத்தாலும் எத்தனை பிறந்தாலும் கணக்கில் அதே 96 நிற்கும். அதனால்தான் அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. மேய்ச்சலுக்காக மலையடிவாரமெங்கும் அலையும் ஒருவனைக் கோயில் எப்படி நம்புவது? அதற்கு வழி புணை. அவனைத் தெரிந்த மற்ற மன்றாடிகள் பிணை நிற்பார்கள். அவன் தவறினால் நெய் அவர்கள் தலையில் விழும். அடையாளம் அந்த ஆளிடம் இருந்ததைவிட அவனை அறிந்தவர்களிடம்தான் அதிகம் இருந்தது. இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வந்த மாற்றங்கள் எளிதில் விளங்கும்.

ஆவணத்தின் முடிவில் சபையாரும் நாட்டாரும் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். எழுதத் தெரியாதவர் ஒரு குறி கீறுவார். அதற்குத் தற்குறி என்று பெயர். குறி மட்டும் செல்லாது. அது அவருடையதுதான் என்று எழுதத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் சான்றெழுத்து இட வேண்டும். தற்குறி மாட்டெறிதல் என்று கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான்.

அரசாணைக்குப் பாதுகாப்பு இன்னும் பல அடுக்கு. சோழர் காலத்தில் அரசர் வாயால் சொன்னதைத் திருமந்திர ஓலை என்னும் எழுத்தர் எழுதுவார். திருமந்திர ஓலை நாயகம் என்னும் மேலதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பார். புரவுவரித் திணைக்களத்தார் வரிப்பொத்தகத்தில் ஏற்றுவார்கள். பின்பு திருமுகம் எனப்படும் அந்த ஆணை ஊருக்குப் போகும். நாட்டார் எதிர்சென்று தலைமேல் வைத்து அதை வாங்கி, பெண்யானையை நடத்தி எல்லை சூழ்ந்து வந்து, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுப்பார்கள். இத்தனை சடங்கும் வெறும் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் யானை சுற்றிவந்த நிலத்தைப் பற்றி ஊரில் ஒருவர்கூட ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது. போலி ஆணையை நுழைக்க நினைப்பவர் ஒரு எழுத்தரை வளைத்தால் போதாது. ஒரு நாட்டையே வளைக்க வேண்டும்.

தாள் வருவதற்கு முன்பே போலி ஆவணம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் மதுபன் செப்பேட்டில், ஒருவர் பொய்ச் சாசனத்தைக் காட்டி ஒரு கிராமத்தை அனுபவித்து வந்ததாகவும், அந்தப் பட்டயத்தை உடைத்துவிட்டுக் கிராமத்தை வேறு இருவருக்குத் தருவதாகவும் ஹர்ஷவர்த்தனர் சொல்கிறார். இந்தியச் செப்பேடுகளில் போலியானவற்றை 1901-இல் கல்வெட்டறிஞர் ஃபிளீட் ஒரு நீண்ட பட்டியலாகவே தந்தார். செப்பேட்டை ஒருவர் தன் வீட்டுப் பெட்டியில் வைத்திருக்கலாம். வளையத்தில் முத்திரை கோத்திருந்தாலும் அதைப் பார்ப்பவர்கள் சிலரே. கோயில் சுவரில் வெட்டியதை நாள்தோறும் ஊர் பார்க்கும். தமிழகத்தில் கோயில் சுவர் பத்திர அலுவலகமாக விளங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடைசிக் காவலாகச் சாபம் எழுதப்பட்டது. அறத்தைக் காப்பவர் அடி தன் தலைமேல் என்று முற்காலத்தவர் சொன்னார்கள்; விசயநகர, நாயக்கர் காலத்தவர், கெடுப்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்று எச்சரித்தார்கள். சாபத்துக்கு எவ்வளவு பேர் அஞ்சினார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் ஆவணம் சுவரிலிருந்து இறங்கி முத்திரைத்தாளுக்கு வந்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரிக்கு ஊரைத் தெரியாது. ஊரார் பேச்சையும் அவர் அப்படியே நம்புவதில்லை. எனவே தாள்தான் பேச வேண்டியிருந்தது. தாள் பேசத் தொடங்கியதும் பழைய மையைத் தயாரிப்பவரும், செத்தவர் கையெழுத்தைப் போடுபவரும், நிலத்துக்காரர் பெயரில் அதிகாரி முன் வந்து நிற்பவரும் நீதிமன்றங்களுக்குப் பழக்கப்பட்டவர்கள் ஆனார்கள். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக வரையறுத்தது. 1864-இன் பதிவுச் சட்டமும், அதன் வழிவந்து இன்றும் நடப்பிலுள்ள 1908-ஆம் ஆண்டுச் சட்டமும் பத்திரத்தைச் சார்பதிவாளர் முன் நேரில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றன. எழுதிக் கொடுப்பவரைப் பதிவாளருக்குத் தெரியாவிட்டால், அவரைத் தெரிந்தவர்கள் அடையாளம் காட்ட வேண்டும். மன்றாடிக்கு நின்ற புணை, வேறு உருவில் பத்திர ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

கைரேகையும் இந்த நெருக்கடியில் பிறந்ததே. வங்காளத்தில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் 1858-இல் ஓர் ஒப்பந்தக்காரரின் கை முழுவதையும் மையில் தோய்த்துப் பத்திரத்தில் பதிய வைத்தார். பிற்பாடு தன் கையெழுத்தே இல்லை என்று அவர் மறுக்கக்கூடாது என்பதற்காக. 1877-இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோரிடமும் பத்திரம் பதிவோரிடமும் ரேகை வாங்கினார். ஓய்வூதியக்காரர் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம். 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகையை வகைப்படுத்தும் முறை எட்வர்ட் ஹென்றியின் பெயரில் வழங்கினாலும் அதற்கான கணக்கை வகுத்தவர்கள் அசீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரு இந்தியர்கள். இங்கேதான் பெரிய திருப்பம். ஊரார் வாக்கில் இருந்த அடையாளம் ஆளின் உடம்புக்கு இடம் மாறியது. சாட்சி செத்துப்போவார், விலைக்கும் போவார். விரல் போகாது என்று நம்பினார்கள். 

திருவண்ணாமலைக்கு ரயில் வந்தபின் ஊரில் முன்பின் அறியாத முகங்கள் பெருகின. அப்படி 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ரயிலில் வந்திறங்கிய பதினாறு வயதுப் பையன்தான் பின்னாளில் ரமண மகரிஷி எனப்பட்டவர். அவருடைய வாழ்க்கை வரலாறு, வேறு பல சிறப்புகளுக்கு அப்பால், அடையாளத்தைப் பற்றிய ஒரு விசித்திரமான வழக்கு. மதுரையில் வீட்டை விட்டுப் புறப்படும்போது எழுதி வைத்த சீட்டில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு மட்டும் இருந்தது. வழியில் கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதரிடம் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்பதற்காகப் பாகவதர் எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். திருவண்ணாமலையில் குருமூர்த்தம் என்ற இடத்தில் மௌனமாக இருந்தபோது தாலுகா ஆபீஸ் தலைமைக் கணக்கரான வேங்கடராமையர், பெயரும் ஊரும் தெரியாமல் நகர மாட்டேன் என்று விடாப்பிடியாக நின்றார். பையன் கடைசியில் ஆங்கில எழுத்தில் ‘வேங்கடராமன், திருச்சுழி’ என்று எழுதிக் காட்டினார்.

தன் பெயரையே பொருட்படுத்தாத ஒருவருடைய பெயரைப் பிறர் பயன்படுத்திக்கொண்டது இயல்பு. அவர் மலையில் விரூபாட்ச குகையில் இருந்த நாளில் கார்த்திகை தீபக் கூட்டம் அவரையும் பார்க்க வரத் தொடங்கியது. குகைக்கு உரிமையுள்ள மடத்தார் வருபவர்களிடம் சிறு கட்டணம் வசூலித்தார்கள். இது தெரிந்ததும் அவர் குகைக்கு வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வசூல் அங்கேயும் நகர்ந்து வந்தது. அவர் வேறு குகைக்குப் போனார்; மடத்தின் வருமானம் படுத்தது; கட்டணம் இனி இல்லை என்று சொல்லித்தான் அவரை மீண்டும் அழைத்துவர வேண்டியிருந்தது. பாலானந்தர் என்ற சாது வேறு வழி பிடித்தார். தான்தான் இந்த இளைஞரின் குரு என்று யாத்திரிகர்களிடம் சொல்லிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். எதிரே இருப்பவர் மௌனி. மறுத்துப் பேச மாட்டார். யாருடைய பெயர் பயன்படுகிறதோ அவர் வாய் திறக்காத இடத்தில்தான் ஆள்மாறாட்டம் செழிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது கடினம்.

அவரைச் சுற்றி உருவான ஆசிரமம் வளர்ந்து சொத்தானதும் கதை நீதிமன்றத்துக்குப் போனது. ஆசிரம நிர்வாகம் தனக்கே உரியது என்று பழைய தொண்டரான பெருமாள்சாமி வழக்கு தொடர்ந்தார். 1936-இல் மகரிஷியிடம் ஆசிரமத்திலேயே ஆணையர் வழியாகச் சாட்சியம் பெறப்பட்டது. இத்தகைய சிக்கல் தொடராமல் இருக்க 1938-இல் உயில் எழுதப்பட்டது. கையெழுத்து என்று எதையும் போடும் வழக்கம் இல்லாதவர் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கோடு கிழித்தார். சார்பதிவாளர் ஆசிரமத்துக்கே வந்து பதிவு செய்தார். சட்டப்படி இதில் குறை எதுவும் இல்லை. 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கையெழுத்து அல்லது ஏதேனும் ஒரு குறி போதும் என்கிறது. ஆனால் இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட வேண்டும். யார் வேண்டுமானாலும் கிழிக்கக்கூடிய ஒரு கோடு, பார்த்தவர்கள் இருந்ததால் மட்டுமே செல்லுபடியானது. தற்குறியும் மாட்டெறிதலும் எட்டு ஒன்பது நூற்றாண்டு கழித்து அதே ஊரில் மீண்டும் நடந்தன என்றே சொல்லலாம்.

தபால் ஆபீஸும் வங்கியும் இந்த முறையின் இளைய பிள்ளைகள். மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் கைநாட்டு வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சிக்கு அழைப்பார். வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டை இருக்கும். ஆனால் உண்மையான காவல் முகம் தெரிந்த காசாளர்தான். கையெழுத்து கொஞ்சம் கோணினால் ‘ஐயா வரவில்லையா?’ என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி பல மோசடிகளைத் தடுத்திருக்கும்.

ஏடிஎம் அட்டையும் இணைய வங்கியும் வந்தபோது இந்தக் கேள்வி மறைந்தது. அடையாளம் ஒரு இரகசியமாக மாறியது: நான்கு இலக்க எண், ஒரு கடவுச்சொல். முத்திரையும் ரேகையும் எல்லோரும் பார்க்க இருந்தவை. யாருடையது என்று சொல்லச் சாட்சி இருந்தது. கடவுச்சொல்லோ ஒருவர் மனதில் மட்டும் இருப்பது. அதற்குச் சாட்சியே கிடையாது. அதைச் சொல்பவர் எவரோ அவரே கணக்குக்காரர். ஆகவே திருடருக்குக் கையெழுத்தைப் பழக வேண்டிய வேலை போய், உரியவரையே வாய் திறக்க வைக்கும் வேலை வந்தது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவன ஊழியர் போலப் பேசி வாடிக்கையாளர்களின் கடவுச்சொல்லைக் கறந்தவர்களிடம் தொடங்கிய இந்த முறைதான் ஃபிஷிங்.

தமிழ்நாட்டில் இதன் முக்கியமான வழக்கு தூத்துக்குடியில் இருந்து வந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடிக் கிளையில் ஒரு தனியார் வங்கிக் கணக்கு இருந்தது. 2007-இல் வங்கியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சல் அவரிடம் கணக்கு விவரம் கேட்டது; அவர் கொடுத்தார்; ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் மும்பையில் ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போய், அதில் பெரும்பகுதி உடனே எடுக்கப்பட்டது. தவறு வாடிக்கையாளருடையது என்றது வங்கி. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தீர்ப்பளிக்கும் அதிகாரம் பெற்ற மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் 2010 ஏப்ரலில் வேறு விதமாகப் பார்த்தார். வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டார். பணம் கொடுத்தவரின் அடையாளம் மட்டுமல்ல, பணத்தை வாங்கியவரின் அடையாளத்தையும் வங்கி சரிபார்த்திருக்க வேண்டும் என்பது இந்த வழக்கு எழுப்பிய கேள்வி. ஏமாந்தவரின் அசட்டுத்தனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் ஊடகங்கள் இந்தப் பாதியை இன்றும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன.

சட்டமும் அந்த ஆண்டுகளில்தான் நகர்ந்தது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் செய்த திருத்தம் 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிறருடைய கடவுச்சொல், மின்கையொப்பம் போன்ற அடையாளக் குறிகளை ஏமாற்றிப் பயன்படுத்துவது 66சி பிரிவிலும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி பிரிவிலும் குற்றமாயின; இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே 2009-இல் இணையத்தில் அட்டை வழியே பணம் செலுத்தும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கைபேசிக்கு வரும் ஓடிபி பிறகு எல்லோருக்கும் பழகிப்போனது. அதையும் திருடர்கள் உடைக்கவில்லை, கேட்டு வாங்கினார்கள்.

உடைப்பதற்கும் கேட்டு வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைத் திருவண்ணாமலை மாவட்டம் கண்ணாரக் கண்டது. 2023 பிப்ரவரி 12-ஆம் தேதி விடியற்காலையில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் நான்கு ஏடிஎம் எந்திரங்களை ஒரு கும்பல் கேஸ் கட்டரால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிச் சென்றது. மாநிலமே அதிர்ந்தது, தனிப்படைகள் ஹரியானா வரை போய் ஆட்களைப் பிடித்தன. இரும்பை அறுத்தால் தடயம் இருக்கும், கேமரா இருக்கும், ஊரும் பேசும். ஒரு ஓய்வூதியக்காரரின் கைபேசிக்கு ‘இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்’ என்று குறுஞ்செய்தி அனுப்பி, அதிலுள்ள எண்ணை அவரே அழைக்கும்படி செய்து, சேமிப்பை வழித்தெடுக்கும் மோசடி 2022 வாக்கில் தமிழகமெங்கும் பரவியது. அதற்கு எந்தத் தெருவிலும் கூட்டம் கூடவில்லை. அவமானத்தால் வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் பலர்.

ஆதார் வந்தபின் கைரேகை மீண்டும் அரங்கேறியது. முதல் ஆதார் எண் 2010 செப்டம்பர் 29-இல் மகாராஷ்டிரத்தின் டெம்பிலி கிராமத்தில் வழங்கப்பட்டது. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்று இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம் என்ற ஏஇபிஎஸ் வசதி, வங்கிக் கிளை இல்லாத கிராமங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் 2001-இன் பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நிலப் பத்திரங்களில் புகைப்படமும் ரேகையும் கட்டாயம் ஒட்டப்படுகின்றன. சில மாநிலங்களில் அந்தப் பத்திரங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைத்தன. 2018-இல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு விற்பனையாளர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து ரேகைகளை எடுத்து, ரப்பர் முத்திரை போலச் செய்து, ஆயிரக்கணக்கில் சிம்களை இயக்கிவிட்டார். 2023-இல் கர்நாடகத்தில் பத்திரங்களில் இருந்து எடுத்த ரேகைகளால் வங்கிப் பணம் திருடப்பட்டது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க ஹெர்ஷல் பத்திரத்தில் வைத்த ரேகையே ஆள்மாறாட்டத்துக்குக் கருவியானது. கடவுச்சொல் போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக் பூட்டைப் போட்டு, தேவைப்படும்போது மட்டும் திறப்பதே இதற்குள்ள காவல். நில உரிமையாளர்கள் அனைவருக்கும் இதைப் பத்திர ஆபீஸிலேயே சொல்லி அனுப்பலாம்.

யாத்திரை ஊருக்கென்று சில கசிவுகள் உண்டு. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். லாட்ஜ் கவுன்ட்டரில் ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கிறார்கள். அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. பரபரப்பு எழுந்ததும் இரண்டே நாளில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவுரை சரியானதே, திரும்பப் பெற்றதுதான் தேவையற்றது. மறைக்கப்பட்ட ஆதாரை இன்றும் யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் ‘இன்ன விடுதியில் தங்க மட்டும்’ என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கொடுப்பது அதைவிட எளிய பழக்கம்.

மற்றொரு கசிவு முன்பதிவு. கார்த்திகையில் பரணி தீபம், மகா தீபம் காணும் கட்டணச் சீட்டுகளை இந்து சமய அறநிலையத் துறை ஆதார் எண்ணும் கைபேசி எண்ணும் பெற்று இணையத்தில் விற்கிறது. சீட்டு குறைவு, கேட்பவர் ஏராளம், நேரமோ சில நிமிடங்கள். போலித் தளம் நடத்துபவருக்கு இதைவிட நல்ல சூழல் அமையாது. திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் நடக்கும் அறுபதாம், எண்பதாம் கல்யாணங்களுக்குக் கோயில் பெயரிலேயே தனியார் இணையதளங்கள் பணம் வசூலித்த விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம், கேதார்நாத் ஹெலிகாப்டர், சார்தாம் விடுதி, சோம்நாத் விருந்தினர் இல்லம் ஆகியவற்றின் பெயரில் போலி முன்பதிவுகள் நடப்பதாக யாத்திரிகர்களை எச்சரித்தது. பாலானந்தர் மௌனியின் முன்னால் உட்கார்ந்தார்; போலித் தளங்கள் தேடுபொறியின் முதல் வரிசையில் விளம்பரம் கொடுத்து உட்காருகின்றன. 

தளத்தை அடையாளம் காண முகவரியை வலமிருந்து படிக்கப் பழக வேண்டும். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முடியும் பகுதிதான் உரிமையாளரைச் சொல்லும். இடப்பக்கத்தில் கோயில் பெயரையோ வங்கிப் பெயரையோ யாரும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழக அரசுத் துறைகளின் தளங்கள் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. சோழர் முத்திரையில் புலியும் இரட்டை மீனும் வில்லும் செய்த வேலையை இந்த வால்பகுதி செய்யும். பூட்டுச் சின்னம் இருப்பதால் மட்டும் தளம் நல்லது என்று ஆகிவிடாது. தகவல் வழியில் களவுபோகாது என்பதே அதன் பொருள், மறுமுனையில் இருப்பவர் யோக்கியர் என்பதல்ல.

யுபிஐ 2016-இல் அறிமுகமானது. அதில் பணம் பெற இரகசியப் ‘பின்’ எண்ணைப் போடவே வேண்டாம். போடச் சொல்பவர் பணத்தை எடுக்கிறார். கடைகளில் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்தபின் திரையில் வரும் பெயரைக் கடைக்காரரிடம் உரக்கப் படித்துக் காட்டுவது நல்லது. ஒட்டிய அட்டைமேல் வேறு அட்டை ஒட்டப்பட்டிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். காவல்துறை, சுங்கத்துறை என்று வீடியோ அழைப்பில் மிரட்டி நாள்கணக்கில் கேமரா முன் உட்கார வைக்கும் ‘டிஜிட்டல் கைது’ என்பது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. இந்த மோசடிகளில் திருடர் முதலில் செய்வது ஆளைத் தனிமைப்படுத்துவது: யாரிடமும் சொல்லாதே, இணைப்பைத் துண்டிக்காதே, உடனே செய். ஆகவே பெரிய தொகையை அனுப்புமுன் வீட்டில் ஒருவரிடம் சொல்வது, அழைப்பைத் துண்டித்துவிட்டு வங்கிப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தானே அழைப்பது ஆகிய இரண்டும் எந்தச் செயலியையும்விடப் பயன் தருகின்றன. இரகசிய எண்ணுக்கு மறுபடியும் ஒரு சாட்சியைக் கொண்டுவருவதுதான் இதில் நடப்பது. 

திருடரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு வங்கிக் கணக்கையும் சிம்மையும் விற்றுவிடும் இளைஞர்களின் பெயரில்தான் பணம் கைமாறுகிறது. வழக்கு வரும்போது முதலில் மாட்டுவது அவர்கள். கணினி வேலை என்று நம்பிக் கம்போடியா, மியான்மர், லாவோஸ் சென்ற தமிழ் இளைஞர்கள் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, ஏமாற்றுச் செய்தி அனுப்பக் கட்டாயப்படுத்தப்பட்ட சம்பவங்களும் உண்டு. தன் பெயரில் எத்தனை கைபேசி இணைப்பு இருக்கிறது என்பதை 2023-இல் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, அறியாத எண்ணைத் துண்டிக்கக் கோரலாம்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். தமிழக காவல்துறையில் சைபர் குற்றப் பிரிவு தனியாக அமைந்தது 2021-இல். மாவட்டத் தலைநகரங்களில் அதற்கான காவல் நிலையங்கள் உள்ளன. 1930-இல் வரும் புகார் வங்கிகளுக்குச் சென்று, பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தி வைக்கப்படுகிறது. முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் வாய்ப்பு மறுநாள் கிடைப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு முழுவதும் வங்கியைச் சேரும். கடவுச்சொல்லை அவரே கொடுத்திருந்தால், தெரிவிக்கும்வரை போனது அவர் தலையில், அதன்பின் போவது வங்கியின் பொறுப்பு. எனவே வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு. நிறுத்தி வைத்த தொகையைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு கொடுத்து உத்தரவு பெறுவது வழக்கமான நடைமுறை. அந்த மனுவோடு 1930 புகார் எண், வங்கிக் கணக்கு அறிக்கை, குறுஞ்செய்தியின் படம் ஆகியவற்றை வைக்க வேண்டும் என்பதால், கோபத்தில் எதையும் கைபேசியிலிருந்து அழிக்காமல் இருப்பது நல்லது.